ஆல்ட் எஃப்4 அழுத்திப் பாருங்கள்

விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கணினியில் போட்ட முதல் வாரம். வேகத்தைக் கூட்ட வழி கேட்டேன். ‘ஆல்ட் எஃப்4 அழுத்துங்க’ என்றார் ஒருவர். அழுத்தினேன், பாதி நிரப்பிய படிவத்தோடு பிரவுசரே மூடிக்கொண்டது. சரி, சிரித்துவிட்டேன்.

2014இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வந்தபோது, மைக்ரோவேவில் வைத்தால் ஐபோன் சார்ஜ் ஆகும் என்று போலி விளம்பரம் பரப்பினார்களே, அதற்குச் சிரிப்பு வரவில்லை. நம்பியவன் போன் கருகிவிடும்.

எனக்குப் பிடித்த கிண்டல் வேறு ரகம். 1990 ஏப்ரல் 1 அன்று வெளியான ஆர்எஃப்சி 1149 (இணைய விதிமுறைகளை விளக்கும் ஆவண வரிசையில் ஒன்று), புறாக் காலில் தாளைச் சுற்றி இணையத் தரவை அனுப்பும் முறையை துளியும் சிரிக்காமல் விளக்குகிறது. 2001இல் நார்வேயின் பெர்கனில் சிலர் நிஜமாகவே புறாக்களைப் பறக்கவிட்டார்கள். போனது 9 பிங் (‘இருக்கிறாயா?’ என்று மறுமுனைக் கணினியைக் கேட்கும் சிறு செய்தி), பதில் வந்தது நாலுக்கு. அதில் ஒன்று வந்துசேர ஒன்றேமுக்கால் மணி நேரம்!