வெண்கட்டி நனைந்த இடம்

எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி இரண்டு தரம் அழைத்துவிட்டார். "அண்ணை, விடுதி வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கோ" என்கிறார். நான் இப்போது லண்டனில் இல்லை. பெப்ரவரியிலிருந்து பெங்களூர் அல்சூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்காளர் கிணறு அளக்கப் போய்விட்டாராம் என்று சங்கத்தின் லண்டன் கிளைக் கூட்டத்தில் யாரோ சிரித்ததாகக் கேள்வி. உண்மைதான், அளக்கத்தான் வந்திருக்கிறேன்.

பழைய கிணறுகளைத் தூர்வாருவதும், மழைநீரை மண்ணுக்குள் இறக்கப் புதிய உறைகிணறுகள் வெட்டுவதும் நான் சேர்ந்திருக்கும் சிறு தொண்டர் குழுவின் வேலை. ஆட்களைத் திரட்டுவது, மாநகராட்சியுடன் கதைப்பது எல்லாம் இளையவர்கள் பார்க்கிறார்கள். எனக்குக் கொடுத்தது ஓர் உருக்கு அளவுநாடாவும் ஒரு கொப்பியும். நாடாவின் கடைசி இரண்டு அடிக்கு வெண்கட்டியை (சாக்பீஸை) நன்றாகத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். கிணற்றுக்கட்டில் இட்ட குறிக்கு நேரே எத்தனை அடி என்று எழுதிக்கொண்டு மேலே இழுத்தால், வெண்கட்டி எதுவரை நனைந்து கறுத்திருக்கிறது என்று தெரியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நீர்மட்டம். சம்பளம் கிடையாது. விசா எடுத்தது தனிக்கதை, அதை வேறொரு மலருக்கு வைத்திருக்கிறேன்.

முதல் நாள் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். "தண்ணி எவ்ளோ இருக்குன்னு கொடத்த விட்டா தெரிஞ்சிடுமே, இதுக்கா லண்டன்ல இருந்து வந்தீங்க?" என்றார்.

அவருடைய குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து தண்டுக்கு வந்தது. 1809இல் வெள்ளைக்காரன் இங்கே இராணுவ முகாம் போட்டபோது அதைச் சுற்றித் தமிழர் குடியேறத் தொடங்கினார்கள். அந்த இடத்தைத் 'தண்டு' என்றே இன்னும் பழையவர்கள் சொல்கிறார்கள். பின்கட்டில் பாட்டனார் காலத்துக் கிணறு. குழாய் வந்ததும் அதைக் கற்பலகை போட்டு மூடிவிட்டார்கள். குழாயில் வருவது காவேரித் தண்ணீர். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்திலிருந்து, அரைக் கிலோமீற்றர் உயரம் பம்ப் அடித்து ஏற்றுகிறார்கள். மின்சாரக் கட்டணத்தை நினைத்தாலே கணக்காளனுக்கு நெஞ்சு அடைக்கும். 2024 கோடையில் நகரத்தின் ஏறத்தாழ 14,000 அரசு போர்வெல்களில் பாதியளவு வற்றிய பிறகுதான், அம்மா ஆளை வைத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே தண்ணீர் இருந்தது, கூடவே ஐம்பது வருடத்துக் குப்பையும்.

அந்தக் குப்பையை எடுக்க வந்தவர்கள் மண்ணு வட்டர்கள். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டுபவர்கள். தங்களுக்குள் தெலுங்கு, ஊரோடு கன்னடம், என்னோடு தமிழ். நான் குனிந்து எட்டிப் பார்த்த வேகத்தில் என் மூக்குக்கண்ணாடி உள்ளே போய்விட்டது. அவர்களில் ஒருவர் கயிறே இல்லாமல், இரண்டு பக்கச் சுவரிலும் காலை விரித்து ஊன்றி இறங்கினார். சேற்றைத் துழாவிக் கண்ணாடியோடு ஒரு பித்தளைச் செம்பையும் எடுத்துவந்தார். அம்மா செம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க மாமியாரோடது. இத நான்தான் பொறந்த வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன்னு சாகிற வரைக்கும் சொன்னாங்க" என்றார். புளி போட்டுத் துலக்கி இப்போது கூடத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு உடனே நம் விடுதிக் கிணறு நினைவுக்கு வந்தது. 1979இல் நான் அதற்குள் விட்ட வாளி இன்னும் அங்கேதான் கிடக்க வேண்டும். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் அகப்படவில்லை. இரண்டு கிழமைப் பலகாரக் காசைத் தண்டமாகக் கட்டினேன். விடியற்காலையில் வரிசை, பங்குனி வெயிலில் ஊற்று ஊறும் வரை காத்திருப்பு, அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது. ஏன் நுரைக்கவில்லை என்று ஏழு வருடத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. நமக்கும் வற்றாத பேராறு இல்லை, பெங்களூருக்கும் இல்லை. இங்கே அடியில் கருங்கல், அங்கே சுண்ணக்கல். இதெல்லாம் அறுபது தாண்டித்தான் என் மண்டைக்குள் இறங்குகிறது.

சரி, இனி வரப்போவதைச் சொல்கிறேன், எனக்கு அதில்தான் ஆசை. பட்டியலில் இப்போது 37 கிணறுகள். செப்டெம்பர், ஒக்ரோபரில்தான் இங்கே பெருமழை, அதற்குள் இன்னும் ஆறு உறைகிணறுகளை முடிக்க வேண்டும். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மட்டும் வருடத்துக்கு ஒரு லட்சம் லீற்றருக்கு மேல் மழை விழுகிறது. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியதும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்று வெட்டுங்கள் என்று வந்து நிற்கிறார். கணக்காளனும் எதற்காவது உதவத்தான் செய்கிறான்.

ஒக்ரோபர் நடுவில் தலைக்காவேரிப் பயணம். துலா மாதப் பிறப்பன்று அங்கே ஊற்று பொங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், அம்மாவும் வருகிறார். துலா என்றால் எனக்குக் கிணற்றில் நீர் இறைக்கும் துலாதான், அவருக்கு ஐப்பசி முழுக்கு. இதில் இருவருக்கும் இன்னும் வழக்கு ஓயவில்லை. அப்புறம் கோலார். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அந்த மாவட்டத்து ஏரிகளுக்கு விடுகிறார்கள். கிணறுகள் ஊறுகின்றன என்று ஒரு சாரார், அவ்வளவு சுத்திகரிப்புப் போதாது என்று இன்னொரு சாரார். நாடாவோடு போய் நாலு கிணற்றையாவது பார்த்துவிட்டுத்தான் நான் வாய் திறப்பேன். டிசம்பரில் குஜராத், பாட்டனில் இருக்கும் ராணியின் படிக்கிணறு. பதினோராம் நூற்றாண்டில் கட்டியது. ஆற்று வண்டல் மூடிக் கிடந்ததை வெளியே எடுத்தார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இது முழுக்க முழுக்க என் சொந்த ஆசை, குழுவுக்குச் சம்பந்தமில்லை.

பெப்ரவரியில் இங்கே தவணை முடிகிறது. நேரே யாழ்ப்பாணம். அதிபருக்கு எழுதிவிட்டேன், சம்மதம் என்றிருக்கிறார். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒரு தரம் விடுதிக் கிணற்றையும் சுற்றியுள்ள பத்துக் கிணறுகளையும் அளந்து கொப்பியில் எழுதுவார்கள். நம் பக்கத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது, அதிகம் இறைத்தால் உவர் ஏறிவரும். ஆகவே உப்பையும் அளக்க வேண்டும், அதற்கான கருவியை மட்டும் கிளை வாங்கித் தந்தால் நல்லது. வெண்கட்டி வகுப்பறையில் கிடைக்கும்.

பழைய அளவு ஒன்று இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுத்தில் எதுவும் இல்லை. ஆகவே 1976 முதல் 1983 வரை விடுதியில் இருந்தவர்களைக் கேட்கிறேன்: பங்குனியில் வாளி தண்ணீரைத் தொட எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) கயிறு விட்டோம்? எனக்கு ஐந்து என்று ஞாபகம். ரொறன்ரோவில் இருக்கும் என் அறைத்தோழர் நாலரைதான் என்று தொலைபேசியில் சத்தம் போடுகிறார்.