தாம்பூலப் பையும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா நடத்திய ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் மேல் மையை விட்டு, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால், அடியில் இருக்கும் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் பதிந்துவிடும். அம்மா சர்க்கரை பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஒருநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அதன் கறுப்புக் கோடுகளின் ஓரத்தில் வலைத்துணி விட்டுச்சென்ற அதே நுண்ணிய பல்வரிசை தெரிந்தது.

அந்தக் கறுப்பு, கார்பன் மை. பிளாஸ்டிக் தாளில் அதைக்கொண்டு மின்முனைகளை அச்சிட்டு, குளுக்கோஸுடன் வினைபுரியும் நொதியையும், எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் ஃபெர்ரிசயனைடு போன்றதோர் இடைப்பொருளையும் மேலே பூசி உலர்த்துகிறார்கள். நொதி குளுக்கோஸிடமிருந்து பெறும் எலக்ட்ரான்களை இடைப்பொருள் மின்முனையில் கொண்டுசேர்க்க, அந்தச் சிறு மின்னோட்டத்தை மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. நொதியை மின்முனையோடு சேர்க்கும் வழியை லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962-இல் வெளியிட்டார்கள். பேனா அளவு மீட்டர் 1987-இல் சந்தைக்கு வந்தது. என்னைக் கேட்டால், மீட்டர் வெறும் கணக்கப்பிள்ளை. வேலை முழுவதையும் செய்வது, ஒருமுறை பார்த்ததும் குப்பைக்குப் போகும் அந்த ஸ்ட்ரிப்தான்.

சென்ற ஐப்பசி அடைமழையில் இது எங்களுக்கு உறைத்தது. குப்பியின் மூடி இறுக்கமாக இருக்கிறதென்று அம்மா ஸ்ட்ரிப்புகளைப் பழைய மாத்திரை டப்பாவுக்கு மாற்றியிருந்தார். ஒரு காலை 212 காட்டியது. முந்தைய இரவு தின்ற சீத்தாப்பழத்தின் மேல் பழி விழுந்தது. உடனே புதுக் குப்பி ஸ்ட்ரிப்பில் பார்த்தால் 164. சர்வதேசத் தரவிதி 100-க்கு மேற்பட்ட அளவுகளில், ஆய்வகம் காட்டும் அளவிலிருந்து 15 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. ஆனால் 164-தான் சரியான அளவென்று கொண்டால், அதைக் கூட்டினாலும் 189-ஐத் தாண்டாது. ஈரம் பட்டால் இடைப்பொருளில் ஒரு பகுதி குளுக்கோஸைக் காணும் முன்பே எலக்ட்ரானை ஏற்று உருமாறிவிடும். அது மின்முனையில் தரும் பொய் மின்னோட்டமும் சர்க்கரைக் கணக்கில் ஏறிக்கொள்ளும். நொதி கெட்டுப்போனாலோ குறைத்துக் காட்டும், அது இன்னும் ஆபத்து. குப்பிக்குள் ஈரமுறிஞ்சி வைத்திருப்பது இதற்காகத்தான்.

இப்போது கையில் ஒட்டிக்கொண்டு, தோலுக்கடியில் செல்களுக்கு இடைப்பட்ட நீரிலிருந்து 14 நாள் செல்போனுக்குக் கணக்கு அனுப்பும் சென்சர்களும் வந்துவிட்டன. அதிலும் நொதியும் மின்முனையும்தான். விலைதான் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

அடைமழை நாளில் மை காயாதென்று அச்சு வேலையையே நிறுத்திவைத்த மனிதர் அப்பா. விடியற்காலையில் குப்பியின் மூடியைத் திறக்க, அம்மா இப்போது அவரைத்தான் எழுப்புகிறார்.