பம்ப்பிலிருந்து இறங்கும் நேரமும் அடுத்த சில நாட்களும்

இதய அறுவை சிகிச்சையில், இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரமான பம்ப்பிலிருந்து நோயாளியை இறக்கும் நேரத்தில் பிபி சரிந்ததும் மருந்தைக் கூட்டத்தான் கை போகும். திரையில் தெரியும் எண் சரிதானா என்று நாங்கள் முதலில் பார்ப்போம். மணிக்கட்டுத் தமனிக்குள் செருகி பிபியை அளக்கும் குழாயான ஆர்ட்டீரியல் லைனின் டிரான்ஸ்டியூசர் (அழுத்த உணர்வி) இதய மட்டத்துக்கு 10 செ.மீ. மேலே இருந்தால் 7 மி.மீ. குறைத்துக் காட்டும். குழாயில் சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் அலை மழுங்கும். பம்ப்பிலிருந்து இறங்கியதும் சிலருக்கு மணிக்கட்டில் 70 காட்டும்போது பெருந்தமனியில் 90 இருக்கும். பெருந்தமனியைத் தொட்டுப் பார்க்கும் சர்ஜன் "நல்லா அடிக்குதே" என்றால், தொடையில் இன்னொரு லைன் போட்டு ஒப்பிடுவோம்.

எண் உண்மைதான் என்றால் அடுத்த கேள்வி: இதயம் சோர்ந்திருக்கிறதா, ரத்தம் குறைவா, நாளங்கள் தளர்ந்துவிட்டனவா? உணவுக்குழாய் வழி எக்கோ (இதய ஸ்கேன்) இதைச் சொல்லிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் வேகமாக ஏறினாலும் பிபி விழும். 10–15 நிமிடம் எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். மைட்ரல் வால்வைச் சீர்செய்த பிறகு அதன் இதழ் ரத்தம் வெளியேறும் வழியை மறித்தால், இதயத்தை இன்னும் வலுவாகச் சுருங்க வைக்கும் அட்ரினலின் நிலைமையை மோசமாக்கும். அங்கே திரவம்தான் மருந்து.

இதயம் நன்றாகச் சுருங்கியும், கைகால் கதகதப்பாக இருந்தும் பிபி ஏறவில்லையென்றால் வாசோப்ளீஜியா, அதாவது நாளங்கள் தளர்ந்துவிட்ட நிலை. முதலில் நாளங்களை இறுக்கும் நார்அட்ரினலின், கூடவே வாசோபிரஸின் நிமிடத்துக்கு 0.03 யூனிட். அதற்கும் மசியாவிட்டால் மெத்திலீன் ப்ளூ, கிலோவுக்கு 1.5–2 மி.கி. சில மனச்சோர்வு மாத்திரைகளோடு இது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தாலும் கொடுக்கக் கூடாது. மாத்திரைப் பட்டியலை முந்தின நாளே துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

ஐசியூவில் நாங்கள் மிகவும் பயப்படுவது, மார்புக்குள் கசியும் ரத்தத்தை வெளியேற்றும் வடிகுழாயின் திடீர் அமைதிக்கு. மணிக்கு 150 மி.லி. வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்று, பிபி இறங்கி, கழுத்துச் சிரை அழுத்தம் ஏறி, சிறுநீரும் குறைந்தால், கசிவு நின்றுவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது. உறைந்த ரத்தம் குழாயை அடைத்து, இதயத்தை நெருக்குகிறது. மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவுக்கு இதயத்தின் பின்னால் உள்ள ரத்தக்கட்டி தெரியாமல் போகலாம். எக்கோ நார்மல் என்று காத்திருக்காமல் சர்ஜனை அழைத்து மார்பைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) வரலாம். அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் 4க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.

வீட்டுக்குப் போன பிறகும், குறிப்பாக ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு, இதயத்தைச் சுற்றி மெல்ல நீர் சேரலாம். பசியின்மை, அசதி, மூச்சிரைப்பு, நாளுக்கு நாள் இறங்கும் பிபி இவைதான் அறிகுறிகள். அசதி சகஜம் என்று விடாமல் அன்றே எக்கோ எடுத்துவிடுங்கள்.