ஓட்டில் பிசகு என்று புகார் வந்தால் முதலில் அப்டேட்டை நிறுத்துங்கள்

"பழைய உலகத்தை அழிக்க வேண்டாமா?" கீழே இரண்டு பொத்தான்: ஆமாம், இல்லை.

இப்படி ஒரு கேள்வியை வைத்து, பிளாக் அடுக்கிக் கட்டி ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வரில் ஓட்டு நடத்தினால், முடிவு வந்த அன்றைக்கே புகார் வரும். வரத்தான் செய்யும். "ஆமாம், வேண்டாம்" என்று நினைத்து ஒருவர் ஆமாமை அமுக்கியிருப்பார். "அழிக்க வேண்டாமா பின்னே, இவ்வளவு குப்பையாக் கிடக்குதே" என்ற தொனியில் படித்த இன்னொருவரும் அதே ஆமாமைத்தான் அமுக்கியிருப்பார். நேர்மாறான இரண்டு விருப்பங்கள் ஒரே பொத்தானில் விழுந்த பிறகு அதை யார் எத்தனை முறை எண்ணினாலும் பயனில்லை.

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில், ஐம்பது பேரிலிருந்து இருநூறு பேர் வரை ஆடும் சின்ன சர்வர் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு அட்மின், வாடகைக்கு ஒரு சர்வர், ஒரு டிஸ்கார்ட் குழு, அவ்வளவுதான் இருக்கும். புகார் செய்பவர் முகம் தெரியாத ஆள் இல்லை, பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பையன். அவன் அம்மாவும் அட்மினின் அத்தையும் ஒரே கோயில் கமிட்டியில் இருப்பார்கள். சர்வரில் ஆரம்பித்த மனக்கசப்பு ஞாயிற்றுக்கிழமை சந்தை வரைக்கும் வரும். அதனால் புகாரை வாயால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கணக்கைக் காட்டுங்கள்.

முடிவு சரியா தப்பா என்று பேசுவதற்கு முன்பே, ஓட்டு முடிவின்படி சர்வரில் செய்யவிருக்கும் அப்டேட்டை நிறுத்துங்கள். மைன்கிராஃப்ட் 1.20 பதிப்பில் ஓடும் உலகத்தை 1.21 பதிப்பில் ஒருமுறை திறந்துவிட்டால், ஆட்கள் நடமாடும் பகுதியெல்லாம் புது வடிவத்துக்கு மாறிவிடும். அதைப் பழைய பதிப்பில் திரும்பத் திறப்பது பாதுகாப்பில்லை. புகார் நியாயம் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் கையில் எதுவும் இருக்காது. எனவே காப்பு நகல் (பேக்கப்) எடுங்கள்: கன்சோலில் சேவ்-ஆஃப், பிறகு சேவ்-ஆல் ஃப்ளஷ், அது முடிந்ததும் உலகக் கோப்புறைகளை நகலெடுத்து, கடைசியில் மறக்காமல் சேவ்-ஆன். இந்தக் கடைசிக் கட்டளையை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஆடியது எதுவும் வட்டில் ஏறாது. சர்வர் திடீரென்று நின்றால் அத்தனையும் போச்சு. பேப்பர் (Paper) என்ற சர்வர் மென்பொருளில் ஓடுகிறது என்றால் வழக்கமாக மூன்று கோப்புறைகள் தனித்தனியாக இருக்கும். முதன்மை உலகத்தோடு, ஆட்டத்தில் உள்ள மற்ற இரண்டு உலகங்களான நெதரையும் எண்டையும் சேர்த்து எடுங்கள்.

ஓட்டுப் பதிவைத் தொடவே கூடாது. பதற்றத்தில் பலர் டிஸ்கார்ட் ஓட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். அந்த ஒரு செயலே "மறைச்சிட்டாங்க" என்ற பேச்சுக்குப் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கூகுள் ஃபார்ம் என்றால் ஷீட்டை நகலெடுத்து இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பிறகு பதில். 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும், நீளமாக வேண்டாம்:

"தம்பி, உன் புகார் கிடைச்சது. அப்டேட்டை நிறுத்தி வச்சிருக்கோம். ஓட்டுப் பதிவு எதையும் அழிக்கல. உன் கேம் பெயர், எந்த நாள் எத்தனை மணிக்கு ஓட்டுப் போட்ட, திரையில் என்ன வந்துச்சு, இந்த மூணையும் அனுப்பு. ஸ்கிரீன்ஷாட் இருந்தா அதையும் சேர்த்துக்க. புதன்கிழமை ராத்திரி 9 மணிக்குள்ள பதில் சொல்றோம்."

வயதில் மூத்தவர் என்றால் "அண்ணே", "அக்கா" என்று மாற்றி, "அனுப்புங்க" என்று எழுதுங்கள். ஆனால் கேட்கும் விவரம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அடையாள அட்டை எண்ணை யாரிடமும் கேட்காதீர்கள். தோற்ற பக்கம் இருந்து வருகிற புகார் என்பதற்காகத் தள்ளியும் வைக்காதீர்கள். ஜெயித்தவர் பிழையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். தோற்றவர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும்.

இனி எந்த வகைப் பிழை என்று பாருங்கள். கேள்வியில் பிழையா, எண்ணிக்கையில் பிழையா என்று பிரிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் மருந்து வேறு. கேள்வியே இரண்டு பொருள் தந்தாலோ, தமிழில் ஒன்றும் மலாயில் வேறொன்றும் சொன்னாலோ கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை, மறு ஓட்டுதான். மலாயில் "தீடாக் செதுஜு" (சம்மதமில்லை) என்று எதிர்மறை வைத்து எழுதி, தமிழில் அதை நேர்க்கேள்வியாக மாற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிற தப்பு. ஆமாம், இல்லை என்ற பொத்தான்களையே தூக்கிவிடுங்கள். "பழைய உலகம் இப்படியே இருக்கட்டும்", "புது உலகம் தொடங்கலாம்" என்று முழு வாக்கியமாகப் பொத்தானில் எழுதினால் கேள்வியைப் படிக்காதவருக்கும் எதை அமுக்குகிறோம் என்று தெரியும்.

மூன்று தேர்வு வைப்பதும் கேள்விப் பிழைதான். 120 ஓட்டில் "முழுசா அழிக்கலாம்" 46, "பழையது அப்படியே இருக்கட்டும்" 41, "பழையது இருக்கட்டும், நெதரை மட்டும் அழிக்கலாம்" 33 என்று வருகிறது என்று வையுங்கள். 46 ஜெயித்ததாக அறிவித்தால், பழைய உலகம் இருக்க வேண்டும் என்று சொன்ன 74 பேர் தோற்றுப் போகிறார்கள். மூன்று தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றால் முதல் இரண்டு இடத்துக்கு வந்தவற்றை மட்டும் வைத்து இரண்டாம் சுற்று நடத்துவோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஒருவரே இரண்டு ஓட்டுப் போட்டது. இங்கேதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கிறது. ஒரே ஐபி முகவரியிலிருந்து மூன்று ஓட்டு வந்திருக்கிறது, அதனால் கள்ள ஓட்டு என்று நீக்குகிறார்கள். லயத்து வீட்டில் அண்ணன், தம்பி, தங்கச்சி மூன்று பேரும் ஒரே வைஃபையில் ஆடினால் வெளியே ஒரே முகவரிதான் தெரியும். வைஃபை இல்லாமல் போன் டேட்டாவில் ஆடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். பொது ஐபி முகவரி போதாததால் கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வைக்கின்றன. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே முகவரியில் வந்து நிற்கலாம். ஐபியைச் சந்தேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி ஓட்டை நீக்கக் கூடாது.

உண்மையான இரட்டை ஓட்டு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். கணக்கு சரிபார்ப்பை நிறுத்தி ஆஃப்லைன் முறையில் ஓடும் சர்வரில் யூயூஐடி என்கிற அடையாள எண் பெயரிலிருந்தே உருவாகிறது. பெயரை மாற்றி உள்ளே வந்தால் புது எண், புது ஓட்டு. கைசர், ஃப்ளட்கேட் என்ற பிளகின்களை (கூடுதல் நிரல்களை) போட்டு போனில் ஆடுகிறவர்களையும் சேர்த்துக்கொண்ட சர்வரில், ஒருவர் கணினியில் ஜாவா பதிப்புக் கணக்கிலும் போனில் பெட்ராக் பதிப்புக் கணக்கிலும் வந்து இரண்டு முறை போடலாம். ஃப்ளட்கேட் வழியாக வருகிறவர் பெயருக்கு முன்னால், அமைப்பை மாற்றாத வரை, ஒரு புள்ளி இருக்கும். அவருடைய யூயூஐடி வரிசையாகப் பூஜ்யங்களோடு தொடங்கும். இரண்டு கணக்கையும் இணைத்து வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது.

ஒரு கணக்கு உண்மையில் ஆடுகிற கணக்கா, ஓட்டுக்காக வந்ததா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. உலகக் கோப்புறைக்குள் ஸ்டேட்ஸ் (stats) என்று ஒரு கோப்புறை இருக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவர் யூயூஐடி பெயரில் ஒரு ஜேசான் கோப்பு. அதைத் திறந்து பிளே_டைம் என்ற வரியைத் தேடுங்கள். அதில் இருப்பது விநாடி இல்லை, டிக். ஒரு விநாடிக்கு 20 டிக். 10 மணி நேரம் என்றால் 10 × 3,600 × 20, அதாவது 7,20,000. ஓட்டுக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தால், அந்த எண்ணுக்குக் கீழே இருப்பது தகுதியில்லாத ஓட்டு. அப்படி விதியே வைக்கவில்லை என்றால் இப்போது புதிதாகக் கொண்டுவந்து ஓட்டை நீக்காதீர்கள். ஒருவருடைய இரண்டு ஓட்டும் ஒரே பக்கம் விழுந்திருந்தால் ஒன்றை வையுங்கள். எதிரெதிராக விழுந்திருந்தால் அவரிடமே கேளுங்கள்.

ஓட்டே போட முடியாமல் போனவர்கள் வேறு வகை. பெரும்பாலும் நேரக் குழப்பம்தான் காரணம். "14-ஆம் தேதி இரவு 12 மணிக்கு மூடுகிறோம்" என்றால் 13 ராத்திரியா, 14 ராத்திரியா? வாடகை சர்வரின் கடிகாரம் பல இடங்களில் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். அங்கே இரவு 11.59 என்று அமைத்தால் இங்கே மறுநாள் காலை 7.59. "ஞாயிற்றுக்கிழமை இரவு 9.00, மலேசிய நேரம்" என்று எழுதினால் சந்தேகம் வராது. அதே போல் ஓட்டு வெறும் இரண்டு நாள் திறந்திருந்தால் போதாது. விடியற்காலை பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர் ராத்திரி 9 மணிக்கே படுத்துவிடுவார். விடுதியில் படிக்கிற பிள்ளைக்கு வார இறுதியில்தான் போன் கையில் கிடைக்கும். சாயங்கால இடி மழையில் லைன் போனால் அன்றைய நாள் முடிந்தது. வெள்ளி மாலை திறந்து அடுத்த வார ஞாயிறு இரவு மூடினால் இரண்டு வார இறுதி கிடைக்கிறது.

பிழையான ஓட்டு எத்தனை, போட முடியாதவர் எத்தனை என்று தெரிந்த பிறகு கணக்குக்கு வாருங்கள். மொத்தம் 214 ஓட்டு, புது உலகத்துக்கு 112, பழையதற்கு 102, வித்தியாசம் 10 என்று வைப்போம். இரட்டை ஓட்டு 6 என்று தெரிகிறது, ஆனால் ரகசிய ஓட்டு என்பதால் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியவில்லை. மோசமான நிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறும் ஜெயித்த பக்கத்தில் விழுந்தவை. கழித்தால் 106, முடிவு நிற்கிறது. இன்னும் 5 பேர் நேரக் குழப்பத்தால் போட முடியவில்லை. அவர்கள் எல்லாரும் தோற்ற பக்கம் என்று சேர்த்தால் 107. இப்போது 106-க்கு 107, முடிவு கவிழ்ந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிழையும் சின்னது, சேர்த்துப் பார்த்தால் 11, வித்தியாசத்தைவிடப் பெரியது. மறு ஓட்டு நடத்தத்தான் வேண்டும். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்குக் கீழே என்றால் முடிவு நிற்கும், திருத்திய எண்ணிக்கையை வெளியிட்டால் போதும்.

சதவீத எல்லை வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி பார்க்க வேண்டும். 70 சதவீதம் வேண்டும் என்ற இடத்தில் 214-இல் 153 ஆதரவு என்றால் 71.5. பார்வைக்குப் பாஸ். 17 ஓட்டு சந்தேகம் என்றால், அத்தனையும் ஆதரவுப் பக்கத்திலிருந்து கழித்துப் பாருங்கள்: 197-இல் 136, அதாவது 69.0. எல்லைக்குக் கீழே. எதிர்ப்பைவிட ஆதரவு எவ்வளவோ அதிகம் இருந்தும் முடிவு நிற்காது. எல்லையையும் ஓட்டு திறப்பதற்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில், ஆட்டத்தில் மாற்றம் செய்ய ஆட்டக்காரர்கள் போடும் ஓட்டுக்கு 75 சதவீதமாக இருந்த எல்லையை 2022-இல் 70 ஆக்கினார்கள். அது பொதுவாக அறிவித்துச் செய்த மாற்றம், நடந்து முடிந்த ஓட்டுக்குப் பொருத்திப் பார்க்கிற விஷயம் இல்லை.

ஓட்டை எங்கே நடத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். மைன்கிராஃப்டின் புது உயிரினத்துக்கான ஓட்டு 2020, 2021-இல் ட்விட்டரில் நடந்தது. ஆட்டத்தையே வாங்காதவரும் போடலாம் என்ற நிலை. 2022-இல் ஆட்டத்தைத் திறக்கும் லாஞ்சர், இணையதளம், பெட்ராக்கில் அதற்கென ஒரு சர்வர் என்று மாற்றினார்கள். 2024-இல் அந்த ஓட்டையே நிறுத்திவிட்டார்கள். நமக்கு டிஸ்கார்டில் உள்ள ஓட்டு வசதி கைக்கு எளிது, ஆனால் யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லாரும் பார்க்கலாம். சின்ன ஊரில் இது பெரிய பாரம். மாமா அட்மினாக இருக்கும்போது மருமகன் எதிர்த்துப் போடத் தயங்குவான். எமோஜியை அமுக்கிப் போடும் ஓட்டு இன்னும் மோசம், ஒருவரே எல்லாவற்றையும் அமுக்கலாம். கூகுள் ஃபார்மில் ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் அது கூகுள் கணக்குக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று இல்லை. என் கருத்தில் சிறந்தது ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பிளகின் வழியாக, ஒரு யூயூஐடிக்கு ஒரு ஓட்டு என்று, இடைக்கால எண்ணிக்கையை மறைத்து நடத்துவது.

மறு ஓட்டு என்று முடிவானால், முதல் ஓட்டு அறிவித்த நாளுக்கு முன்பே சர்வரில் இருந்தவர்கள் மட்டுமே போடலாம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பள்ளிக்கூட நண்பர்களை வண்டி வண்டியாகக் கூட்டி வருவார்கள். கேள்வியை முன்கூட்டியே மூன்று பேரிடம் காட்டுங்கள்: 13 வயதுப் பிள்ளை ஒன்று, மலாய்தான் சரளமாகப் படிக்கிற ஒருவர், புகார் செய்தவர். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கினால் என்ன நடக்கும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எண்ணும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் உட்கார வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பிரச்சாரம் செய்த அட்மின் எண்ணக் கூடாது. இந்த மறு ஓட்டே கடைசி என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

அறிவிப்பில் பெயர் எதுவும் வேண்டாம். மொத்த ஓட்டு, நீக்கியது எத்தனை, ஒவ்வொன்றுக்கும் காரணம், மீதி எண்ணிக்கை, இவ்வளவு போதும். தப்பு அட்மின் பக்கம் என்றால் "மூடும் நேரத்தைத் தப்பாக அமைத்துவிட்டோம்" என்று ஒரே வரியில் நேராகச் சொல்லுங்கள். "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மறு ஓட்டிலும் புது உலகமே ஜெயித்தால், தோற்றவர்களுக்குப் பழைய உலகத்தின் நகலைக் கொடுங்கள். பத்துமலை முருகன் சிலையை 1 பிளாக் 1 மீட்டர் கணக்கில் 43 பிளாக் உயரத்துக்கு எழுப்பி, பக்கத்தில் 272 படியையும் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிய பிள்ளைக்கு அது வெறும் கோப்பு இல்லை. பேப்பர் சர்வர் உலகத்தை அப்படியே சுருட்டிக் கொடுத்தால் தனியாக ஆடும்போது நெதரும் எண்டும் புதிதாக உருவாகிவிடும், அங்கே கட்டியது காணாமல் போகும். நெதர் கோப்புறைக்குள் இருக்கும் டிம்-1 என்பதையும், எண்ட் கோப்புறைக்குள் இருக்கும் டிம்1 என்பதையும் முதன்மை உலகக் கோப்புறைக்குள் நகர்த்திய பிறகு ஸிப் செய்யுங்கள். பெறுகிறவர் அதைப் பிரித்துத் தன் கணினியில் சேவ்ஸ் கோப்புறைக்குள் வைத்து, சர்வர் ஓடிய அதே பதிப்பில் திறக்க வேண்டும். இது ஜாவா பதிப்புக்கு மட்டும்தான். போனில் ஆடுகிறவருக்கு உலகத்தை மாற்றித் தர சங்கர் (Chunker) என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிலை முகம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை நீங்களே திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.