கன்கார்டில் தோற்கத் தெரியாத ஒரு பள்ளி

கலிஃபோர்னியாவில் கன்கார்ட் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களுக்கு முருகன் கோவில். தைப்பூசத்துக்கு சான் ரமோனிலிருந்து நடந்தே போகிறவர்கள் உண்டு. அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், டி லா சால் என்பார்கள். ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி, 1965இல் தொடங்கியது. அதன் ஃபுட்பால் அணி (காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) 1992 முதல் 2003 வரை வரிசையாக 151 ஆட்டங்களை ஜெயித்தது. பன்னிரண்டு சீசன், ஒரு தோல்வி கிடையாது. டிராகூட இல்லை.

என் மகன் படிப்பது அங்கே இல்லை. அவர்களிடம் வழக்கமாக உதை வாங்கும் பள்ளிகளில் ஒன்றில். அவன் ஆடுகிறவனும் இல்லை, பேண்டில் டிரம் அடிக்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டங்களில் பேண்ட் பெற்றோர் போடும் கடையில் நாச்சோஸுக்குச் சீஸ் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கடையில் நின்று கேட்டது. நான் கோவில்பட்டிக்காரி, ஹாக்கி ஊர். எந்தப் பள்ளி எந்த வருஷம் யாரிடம் கோட்டைவிட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்து முப்பது வருஷக் கணக்கு பேசும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவள். இங்கேயும் அதே ஆட்கள்தான், தொப்பி மட்டும் வேறு.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒருவர். பிட்ஸ்பர்க்காரர். பென்சில்வேனியா பிட்ஸ்பர்க் இல்லை, கன்கார்டுக்கு வடகிழக்கே மலையைத் தாண்டினால் வரும் கலிஃபோர்னியா பிட்ஸ்பர்க். அதுவும் இரும்பாலை ஊராக இருந்ததுதான். அவர் முன்னால் 151 என்று வாயைத் திறந்தால் போதும், “அதற்கு முந்தின ஆட்டம் என்ன ஆச்சு, அதைச் சொல்” என்பார். அதைச் சொல்லாமல் அவர் விடமாட்டார் என்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1991 டிசம்பர் 7, ஓக்லண்ட் கொலிசியம். பிராந்திய இறுதிப் போட்டி. பிட்ஸ்பர்க் 35, டி லா சால் 27.

அப்போது டி லா சால் சின்ன அணி ஒன்றும் இல்லை. பாப் லாடசூர் என்ற மதபோதனை ஆசிரியர் 1979இல் பயிற்சியாளராக வந்தார். அவர் வரும்வரை அந்தப் பள்ளி ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட அதிகமாக வெற்றி கண்டதில்லை. மூன்று வருஷம் கழித்து, 1982இல், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முடித்தார்கள். ஆக 1991இல் பிட்ஸ்பர்க் வீழ்த்தியது ஏற்கெனவே ஊரே பயந்த அணியை. பெரியவரின் பெருமைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று வடக்குக் கலிஃபோர்னியாவில் இவர்களை ஜெயித்த அணிக்கு அடுத்து இன்னொரு அணி வர எத்தனை வருஷம் ஆகும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோற்ற மறு சீசனிலிருந்துதான் அந்த 151 தொடங்குகிறது. எப்படி ஜெயித்தார்கள் என்று பார்த்தால் மாயம் ஒன்றும் இல்லை. ‘வியர்’ என்று ஒரு பழைய ஆட்டமுறை. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் பந்து வந்ததும், எதிரணியின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர் எங்கே பாய்கிறார் என்று பார்ப்பான். அவர் வெளியிலேயே நின்றால் பக்கத்தில் ஓடிவரும் கூட்டாளியின் வயிற்றில் பந்தைத் திணித்துவிடுவான். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடுவான். முடிவெடுக்க ஒரு நொடிகூடக் கிடையாது. முன்வரிசைப் பையன்கள் மற்ற பள்ளிப் பையன்களைவிடப் பொதுவாகச் சின்ன ஆட்கள், ஆனால் தரையோடு தரையாகக் குனிந்து எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுவார்கள். எதிராளி நிமிர்வதற்குள் இடுப்பில் முட்டு விழுந்திருக்கும். இதே நாலைந்து நகர்வுகளை வருஷம் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து ஆடினார்கள்.

இன்னொரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பையனும் ஒரு அட்டையில் இந்த வாரம் பயிற்சியில் என்ன செய்வேன், ஆட்டத்தில் என்ன செய்வேன் என்று எழுதி, எல்லோர் முன்னிலையிலும் படித்து, கூட்டாளி ஒருவனிடம் கொடுக்க வேண்டும். செய்தானா இல்லையா என்று கேட்பது அந்தக் கூட்டாளியின் பொறுப்பு. மைதானத்துக்குள் வரும்போது ஜோடி ஜோடியாகக் கைகோத்து வருவார்கள். பதினேழு வயதுப் பையன்கள், அதுவும் ஃபுட்பால் ஆடும் பையன்கள், ஊர் பார்க்கக் கைபிடித்து நடப்பதை முதலில் பார்த்தபோது கடையில் சீஸ் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

புகழ்ந்தது போதும், மறுபக்கமும் சொல்ல வேண்டும். இது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அரசுப் பள்ளிக்கு அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தான். தனியார் பள்ளிக்கு எந்த ஊரிலிருந்தும் வரலாம். ‘ஆள் சேர்க்கிறார்கள்’ என்ற முணுமுணுப்பு அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை ஓயவில்லை. அவர்கள் இல்லை என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். ஜெயிக்கிற இடத்துக்கு நல்ல ஆட்டக்காரர்கள் தாமே தேடி வருவார்கள், அதற்கு யாரும் போய் அழைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இவர்களுக்கு முந்தைய தேசியச் சாதனை மிச்சிகன் மாநிலத்தில் ஹட்சன் என்ற சின்ன ஊரின் அரசுப் பள்ளியுடையது. 1968 முதல் 1975 வரை 72 தொடர் வெற்றிகள். 1997இல் டி லா சால் அதைத் தாண்டியது. கையிலிருந்த பிள்ளைகளை வைத்தே 72 ஜெயித்த ஹட்சனுக்குத்தான் என் ஓட்டு.

உண்மையைச் சொன்னால் அந்த 151இல் பெரும்பாலான ஆட்டங்களை இங்கே யாருக்கும் நினைவில்லை. இடைவேளைக்குள் முடிந்துபோன ஆட்டத்தை யார் நினைவு வைப்பார்கள்? நினைவில் நிற்பவை அவர்களாகத் தேடிப் போய் ஆடியவை. உள்ளூரில் ஆள் இல்லை என்றானதும் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். 1998இல் அனஹைமில் பேஸ்பால் அரங்கத்தில் மேட்டர் டெய் பள்ளியுடன் ஆடி 28க்கு 21 என்று ஜெயித்தார்கள். மேட்டர் டெய்யும் கத்தோலிக்கப் பள்ளி, தெற்கின் பெரிய புலி.

ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தைச் சொல் என்றால் 2001 அக்டோபர் 6ஐச் சொல்வேன். நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பள்ளியும் இரண்டாமிடத்தில் இருந்த பள்ளியும் நேருக்கு நேர் மோதியது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. எதிரணி லாங் பீச் பாலி. அரசுப் பள்ளி, ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்பிய பள்ளி. அதன் முன்வரிசைப் பையன்கள் பக்கத்தில் டி லா சால் பையன்கள் தம்பிகள் மாதிரி இருந்தார்களாம். ஆட்டம் லாங் பீச்சிலேயே, அவர்கள் ஜனத்தின் நடுவில்.

அன்று மொரிஸ் ட்ரூ என்ற டி லா சால் பையன் நான்கு டச் டவுன் போட்டான், அதாவது நான்கு முறை பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினான். உயரம் ஐந்தடி ஏழங்குலம். டி லா சால் போட்ட டச் டவுனே நான்குதான், எல்லாம் அவனுடையவை. 29க்கு 15. பெரிய உடம்புக்காரர்களுக்கு நடுவில் குட்டையான ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரிவதற்குள் மறுபக்கம் வந்துவிடுகிறான். பழைய வீடியோவில் பார்த்தாலும் கண்ணுக்கு அகப்படமாட்டான். இந்த ஆட்டத்துக்கு ஒரு பின்கதை உண்டு. பாலி அணியின் நெடிய ஆள் மர்சேடிஸ் லூயிஸும் ட்ரூவும் பிறகு யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஆடினார்கள். 2006இல் இருவரையும் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என்ற தொழில்முறை அணியே எடுத்துக்கொண்டது. லாங் பீச்சில் எதிரெதிரே நின்ற இருவரும் வருஷக்கணக்கில் ஒரே சட்டை போட்டார்கள். மொரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ என்று தேடினால் கிடைப்பவர் இவர்தான்.

2004 வேறு மாதிரி வருஷம். ஆகஸ்ட் 12, டெரன்ஸ் கெல்லி என்ற பையன் ரிச்மண்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த வருஷம்தான் டி லா சாலில் படிப்பை முடித்திருந்தான். அணியின் தூண்களில் ஒருவன். ஆரிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆட்டக்காரனாகக் கிளம்ப இரண்டே நாள் இருந்தது. பெட்டி கட்டும் வீட்டில் சாவு. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வயதில் இருக்கும் எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் அணி சியாட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது. செப்டம்பர் 4, சீஹாக்ஸ் தொழில்முறை அணி ஆடும் அரங்கம், சுமார் 25,000 பேர். எதிரணி பெல்வியூ. நம் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் குடியிருக்கும் அதே பெல்வியூதான், அந்த ஊரின் அரசுப் பள்ளி. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் தங்கள் பிரிவில் மாநில வாகையர். அவர்களும் வியர் மாதிரியே பந்தை வீசாமல் ஓடியே ஜெயிக்கிற, ஏமாற்றுத் திருப்பங்கள் நிறைந்த ஒரு பழைய முறையைத்தான் ஆடினார்கள். மற்றவர்களுக்கு இத்தனை வருஷம் டி லா சால் கொடுத்த மருந்தை அன்று டி லா சால் குடித்தது. 39க்கு 20. நூற்றைம்பத்தொன்று அங்கே நின்றது.

அந்த சீசனில் அவர்கள் அதற்குப் பிறகும் தோற்றார்கள். இங்கேதான் பலர் துக்கத்தால் தோற்றார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பெல்வியூ பையன்களுக்குச் செய்யும் அநியாயமாகப் படுகிறது. முந்தைய வருஷத்து ஆட்டக்காரர்கள் பலர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். எதிரே நின்றது நன்றாகத் தயாராகி வந்த அணி. துக்கம் இல்லாவிட்டாலும் ஆட்டம் அப்படித்தான் போயிருக்கும் என்று பிட்ஸ்பர்க்காரர் சொல்கிறார். அவர் இவர்களை வெறுப்பவர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு வந்த காலத்தைச் சுருக்கிவிடலாம். கலிஃபோர்னியாவில் 1927க்குப் பிறகு நின்றுபோயிருந்த மாநில வாகைப் போட்டி 2006இல் மீண்டும் தொடங்கியது. முதல் வருஷமே டி லா சால் போய், கேன்யன் பள்ளியிடம் 27க்கு 13 என்று தோற்றது. மறு வருஷம் ஜெயித்தது. 2012 டிசம்பரில் கொரோனா ஊரின் சென்டெனியல் பள்ளியை 48க்கு 28 என்று வென்றதுதான் லாடசூரின் கடைசி ஆட்டம். 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் 400. மனுஷன் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கவில்லை, 2013 ஜனவரியில் விலகிவிட்டார். அந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த எண் அந்த 399தான். 2016 முதல் தெற்குப் பள்ளிகள் கை ஓங்கியது. செயின்ட் ஜான் பாஸ்கோவிடம் 56க்கு 33, மேட்டர் டெய்யிடம் 52க்கு 21 என்று இறுதிப் போட்டிகளில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வருஷா வருஷம் வடக்கை ஜெயித்துவிட்டு தெற்கில் போய் அடி வாங்குவது வாடிக்கையானது.

ஆனால் வடக்கில் மட்டும் யாராலும் முடியவில்லை. 1991இல் பிட்ஸ்பர்க் ஜெயித்ததற்குப் பிறகு வடக்குக் கலிஃபோர்னியா அணிகளுடன் ஆடிய 318 ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லை. நடுவில் சில டிரா உண்டு. 151ஐ விட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது. தோற்ற அணியில் ஆடியவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களும் ஆடித் தோற்றார்கள்.

2021 செப்டம்பர் 10 வெள்ளிக்கிழமை, மவுன்டன் வியூவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பள்ளி அவர்களை 31க்கு 28 என்று ஜெயித்தது. எங்கள் கடையில் செய்தி வந்தபோது எங்கள் பையன்கள் வேறு யாரிடமோ ஆடிக்கொண்டிருந்தார்கள், யாரும் அதைப் பார்க்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களே சத்தம் போட்டார்கள். டி லா சாலை ஒருமுறைகூட ஜெயிக்காத பள்ளியின் பெற்றோர்கள், யாரோ ஜெயித்ததற்கு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலிக்கு மேலே விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். முகம் சுண்டிப்போய்விட்டது. முப்பது வருஷமாக, டி லா சாலை வடக்கில் கடைசியாக ஜெயித்தது யார் என்று யார் கேட்டாலும் பதில் பிட்ஸ்பர்க். இனிமேல் அது மாறிவிட்டதே.

“மூன்று பாயின்ட்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“நாங்கள் எட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.