நெஞ்சு வலிக்கவில்லை என்று அம்மா சொன்னது

பாலக்கோடு அருகே எங்கள் ஊரில் மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அம்மா இரண்டு நாட்களாக முதுகும் தாடையும் வலிப்பதாகச் சொன்னார். கூடை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் குமட்டலும் குளிர்ந்த வியர்வையும் சேர்ந்துகொள்ளவே, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வயது 56, பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் என்றெல்லாம் சொன்ன பிறகும், நெஞ்சு வலிக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள். இல்லை என்று அம்மா சொன்னதும், வாயுத் தொல்லை என்று சீட்டில் எழுதி, ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்தபடி வந்த ஆணுக்கு உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். இம்முறை இ.சி.ஜி. எடுக்கும்படி நானே கேட்டேன். அதைப் பார்த்த மருத்துவர் மாரடைப்பு என்று சொல்லி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்து, 108 வண்டியில் தர்மபுரிக்கு அனுப்பினார். சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதிப்பதால் மாரடைப்பின்போதும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம் என்பதையும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் அங்கேதான் அறிந்தோம். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தொந்தரவு நீடித்தால் மீண்டும் எடுக்க வேண்டும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அலைச்சல் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்குவதில்தான். குடும்ப அட்டையில் பெயர் ‘அம்மாள்’ என்றும் ஆதாரில் ‘அம்மா’ என்றும் முடிந்ததால், வருமானச் சான்றோடு போன என்னை ஒரு ‘ள்’ இரண்டு முறை திருப்பி அனுப்பியது. இந்தத் திருத்தத்தை உடம்பு நன்றாக இருக்கும்போதே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. 2021இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர், சர்க்கரை மாத்திரையோடு மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கே வருகிறார். மாதக்கணக்காக இருந்த அசதியை அவரிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, “வேலை செய்யிற பொம்பளைக்கு அசதி இல்லாம இருக்குமா?” என்றார் அம்மா.