ஜோடி என்ன விலை?

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் விலை பெரும்பாலும் ஜோடிக் கணக்கில்தான். கப்பி ஜோடி, மாலி ஜோடி, டைகர் பார்ப் ஜோடி, ஏஞ்சல் ஜோடி. அங்கே ஒரு கடையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். எந்த மீனோடு எது சேரும் என்பதில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ஜோடிக் கணக்கிலேயே ஆரம்பிக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொன்றிலும் ரெண்டு வாங்கினால் தொட்டி கலர் கலராக இருக்கும், பிள்ளைகள் கை காட்டியதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும், கடைக்கும் வியாபாரம். மீனுக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவராது.

டைகர் பார்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு, பத்து என்று கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி, யார் பெரியவன் என்று அடித்துத் தீர்த்துக்கொண்டு பொழுதை ஓட்டும். ரெண்டே ரெண்டை விட்டால் அந்தத் துடுக்கு மொத்தமும் பக்கத்தில் மெதுவாக நீந்தும் ஏஞ்சலின் மேலோ கப்பியின் வால் மேலோ திரும்பும், அப்புறம் "மீனுக்கு வால் கரையுது, மருந்து கொடுங்க" என்று வருவார்கள். நோயும் இருக்கலாம்தான், ஆனால் நான் முதலில் கேட்பது தொட்டியில் வேறு என்ன மீன் இருக்கிறது என்று. நியானும் கோரியும்கூட கூட்டம் கேட்பவைதான். அவை யாரையும் கடிக்காது, ரெண்டாக இருந்தால் பயந்து மூலையில் ஒண்டிக்கொள்ளும், நிறம் வெளுக்கும். கப்பியில் ஆண் ஒன்று பெண் ஒன்று என்று விட்டால் ஆண் அந்த ஒற்றைப் பெண்ணை விடாமல் துரத்தி ஓயவைத்துவிடும், அதனால் ஓர் ஆணுக்கு ரெண்டு மூன்று பெண் என்று கொடுப்போம். பைட்டரில் ஜோடி என்ற பேச்சே கூடாது. இனப்பெருக்கத்துக்கு விடுகிற நேரம் தவிர ஆண் பைட்டர் பெண்ணையும் அடிக்கும், அந்த நேரத்திலும் முட்டை போட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். ரெட் டெயில் ஷார்க்கும் தன் இனத்தைப் பக்கத்தில் சேர்க்காது, சின்னத் தொட்டியில் ரெண்டு விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

"உங்க கடைத் தொட்டியில எல்லாம் ஒண்ணாத்தானே அண்ணா இருக்கு, வீட்டுல மட்டும் ஏன் அடிச்சுக்குது?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. நியாயமான கேள்வி. கடைத் தொட்டியில் இருப்பது எல்லாமே குட்டிகள், அதுவும் சில நாள் தங்கிவிட்டுப் போகிறவை. ஒரே தொட்டியில் அத்தனை மீனை அடைத்து வைத்திருக்கும்போது எந்த ஒன்றாலும் 'இது என் இடம்' என்று ஒரு மூலையைப் பிடித்துவைக்க முடியாது. நெரிசல் பஸ்ஸில் யாரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை, அப்படித்தான். வீட்டுக்குப் போய் இடம் கிடைத்து, சில மாதம் தீனி தின்று வளர்ந்து, முட்டை போடும் வயசும் வந்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். நாணயம் அளவில் வாங்கிப் போன ஏஞ்சலில் ரெண்டு தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியில் பாதியை வளைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் எதிர்மூலைக்குத் தள்ளிவிடும்.

அதனால் கடையில் தெரிகிற அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். எந்த மீனும் வாய்க்குள் போகிற மீனைத் தின்றுவிடும், கெட்ட மீன் நல்ல மீன் என்று இதில் எதுவும் இல்லை. நியான் முழுசாக வளர்ந்தாலும் 4 செ.மீ.யைத் தாண்டுவது அபூர்வம். வளர்ந்த ஏஞ்சலுக்கு அது ஒரு வாய்த் தீனி, வாங்கும்போது ரெண்டும் நண்பர்கள் மாதிரி இருந்திருந்தாலும் சரி. ஆஸ்கர் குட்டி விரல் நீளம்தான் இருக்கும், ஆளைப் பார்த்தால் ஓடி வரும், யாருக்கும் பிடித்துப்போகும். அது ஓர் அடி வரை வளரும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். இதைச் சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள், மீதிப் பேர் "அப்ப பெரிய தொட்டி வாங்கிக்கலாம்" என்பார்கள், வாங்கமாட்டார்கள். வெள்ளி நிறத்தில் ஷார்க் என்று விற்கிறோமே, அதில் ஒரு வகை, ஹோட்டல் தட்டில் பாசா என்று வருகிற அதே மீன், 1 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அதை 2 அடித் தொட்டிக்கு விற்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

'டேங்க் கிளீனர்' என்று கேட்டு வாங்கும் சக்கர் மீனும் அப்படித்தான். பாசியைத் தின்னும் என்பது உண்மை, ஆனால் அது போடுகிற கழிவு அது துடைப்பதைவிட அதிகம், ஓர் அடியைத் தாண்டியும் வளரும். கோல்டு பிஷ்ஷோடு விட்டால் ராத்திரியில் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேலே இருக்கும் வழுவழுப்பை உறிஞ்சுவதும் உண்டு. காலையில் பக்கவாட்டில் சிவந்த தழும்போடு கோல்டு பிஷ் நிற்கும், வீட்டுக்காரருக்குக் காரணமே புரியாது.

சண்டை போடாத மீன்கள் எல்லாம் சேர்ந்து வாழும் என்றும் சொல்ல முடியாது, தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும். சென்னை போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, அதாவது சுண்ணாம்புச் சத்து அதிகம், அதில் மாலி, கப்பி, பிளாட்டி செழிக்கும். நியானுக்குச் சொந்த ஊர் அமேசான் பக்கம், மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள தண்ணீர்தான் அதற்குப் பழக்கம். மாலிக்கு நல்லது என்று உப்பு போடுகிறவர்கள் அதே தொட்டியில் கோரி இருப்பதை மறந்துவிடுவார்கள், கோரிக்கு உப்பு அவ்வளவாக ஆகாது. கோல்டு பிஷ் குளிர்ந்த நீர் மீன். டிஸ்கஸ் 28 டிகிரிக்குக் குறையாமல் கேட்கும். ரெண்டையும் ஒரே தொட்டியில் கேட்டு வந்தவர்களும் உண்டு, கலர் பொருத்தமாக இருக்குமாம்.

வாஸ்து தனிக்கதை. எட்டு ஆரஞ்சு கோல்டு பிஷ், ஒரு கறுப்பு, மொத்தம் ஒன்பது என்று எழுதியே கொண்டு வருவார்கள். தொட்டி 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி, விளிம்பு வரை ஊற்றினாலே 56 லிட்டர்தான் பிடிக்கும். கோல்டு பிஷ் கழிவு அதிகம் போடும் மீன், ஒன்பது சேர்ந்தால் எந்தச் சண்டையும் இல்லாமல், அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவிலேயே செத்துப்போகும். "ரெண்டு வாங்குங்க, மீதியைப் பெரிய தொட்டி வாங்கினப்புறம் பார்க்கலாம்" என்றால் முகம் மாறும். ஃபிளவர் ஹார்ன் வாங்குகிறவர்கள் இந்த விஷயத்தில் தேவலாம். அது தனியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே வருகிறார்கள்.

ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டிக்குப் புதுசு சேர்க்கிறவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். சாதுவானதை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில். விடும் அன்றைக்குக் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள், பழைய மீனுக்கு அது பிடித்துவைத்த எல்லை குழம்பிப்போகும். முடிந்தால் புது மீனை ரெண்டு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி நோய் ஒரு மீனோடு வந்து தொட்டி முழுக்கப் பரவும்.

வளர்ந்து அடங்காமல் போன மீனை என்ன செய்வது என்று கேட்பவர்களைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லிவிடுவேன். காசு திரும்பக் கிடைக்காது, முதலாளிக்கும் அதில் பெரிய சந்தோஷம் இருக்காது, ஆனாலும் பின்பக்க சிமெண்ட் தொட்டியில் இடம் பண்ணுவோம். ஏரியில் விட்டால் புண்ணியம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி வலையைக் கிழிப்பதும், நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிப்பதும் அந்தப் புண்ணியத்தில்தான்.